குட்டன்பர்க்குக்கு ஐந்து மதிப்பெண்

இங்க ஆள் வருதாம்மா? வரலேல்ல, அப்ப கொஞ்சம் நகந்துக்கங்க. ஜன்னலோரம் நீங்களே இருங்க, எனக்குக் காத்து அடிச்சா ஒத்தத் தலைவலி வந்துரும். மதுரைக்குத்தானே? நானும் மதுரைக்குத்தான். பரமக்குடியில இருந்து ஒன்றரை மணி நேரம்னு சொன்னான். இவன் நின்னு நின்னு ஆளேத்துறதப் பாத்தா ரெண்டரை ஆகும்.

உங்கள ஒண்ணு கேக்கலாமா? படிச்ச பிள்ளை மாதிரி இருக்கீங்க, அதான். அச்சு இயந்திரத்தக் கண்டுபிடிச்சது யாரு?

ஆமா, குட்டன்பர்க். சீனாவுலயும் கொரியாவுலயும் அதுக்கு முன்னாடியே அச்சடிச்சாங்க, அது வேற பாடம். நான் கேக்குறது ஐரோப்பாவுல. சரி, அந்த மனுஷன் அத ஏன் கண்டுபிடிச்சாரு?

பாத்தீங்களா. யாரக் கேட்டாலும் இதைத்தான் சொல்றாங்க. அறிவு எல்லாருக்கும் போய்ச் சேரணும்னு கண்டுபிடிச்சாராம். அந்தக் கண்டக்டரக் கூப்பிட்டுக் கேட்டாலும் இதைத்தான் சொல்வாரு. உங்களக் குத்தம் சொல்லல. நானும் இருபத்தாறு வருஷமா இதைத்தான் சொல்லிக் குடுத்தேன். நான் டீச்சர்மா, சமூக அறிவியல். சௌந்தரவல்லின்னு பேரு. வல்லி டீச்சர்னாத்தான் எங்க பக்கம் தெரியும்.

இந்தக் கேள்வியாலதான் எனக்கு இப்ப இவ்வளவு கேவலம். வீட்டுக்காரர்கிட்டச் சொன்னா, "ஐநூறு வருஷத்துக்கு முன்னாடி செத்தவனுக்காக நீ ஏன்டி சோறு திங்காம இருக்க"ங்கிறாரு. அவருக்கென்ன, ரிட்டையர் ஆயிட்டாரு. நீங்க வெளியாளு. நடந்தத நடந்தபடி சொல்றேன், யாரு மேல தப்புன்னு நீங்களே சொல்லுங்க.

பரீட்சை முடிஞ்சதும் பத்தாங்கிளாஸ் பேப்பர் திருத்த முகாம் போடுவாங்க. ஏதாவது ஒரு பெரிய பள்ளிக்கூடத்தப் பிடிச்சுக்குவாங்க. மேஜைக்கு எட்டு டீச்சர். எங்களுக்குச் சிவப்புப் பேனா. எங்களுக்கு மேல ஒரு சீஃப், அவருக்குப் பச்சைப் பேனா. நாங்க திருத்துனதுல அங்கொண்ணு இங்கொண்ணு உருவி அவரு மறுபடி பாப்பாரு. வேற மாவட்டத்துப் பேப்பர்தான் வரும். பேரும் இருக்காது, ஊரும் இருக்காது. அப்புறம் கீன்னு ஒண்ணு குடுப்பாங்க, விடைக்குறிப்பு. அதுல என்ன இருக்கோ அதுக்குத்தான் மார்க்கு. புரியுதா?

எங்க மேஜைக்குச் சீஃபா வந்தது நாகசுந்தரம். அவரப் பத்தி ஒண்ணு சொல்லணும். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, சும்மா சொல்றேன். எங்க ஸ்கூல்ல எனக்கு ஆறு வருஷம் பின்னாடி வேலைக்கு வந்தவரு. பாடக்குறிப்பு எப்படி எழுதுறதுன்னு என் நோட்டப் பாத்துத்தான் எழுதுனாரு. அப்ப 'அக்கா அக்கா'ன்னு பின்னாடியே வருவாரு. ஹெச்செம் பிரமோஷன் வந்தப்ப வெளியூர் போகணும்னாங்க. எங்க வீட்டுக்காரருக்கு அப்பத்தான் முதுகு ஆபரேஷன் ஆயிருந்துச்சு, நான் வேண்டாம்னு எழுதிக் குடுத்தேன். அடுத்த ஆளு அவரு, போயிட்டாரு. இப்ப அவரு ஹெச்செம், அவரு சீஃப், அவரு பச்சை. நான் சிவப்பு. அக்கா போயி டீச்சர் ஆயிட்டேன். சம்பந்தமே இல்ல, சொல்லணும்னு தோணுச்சு.

மூணாம் நாள் மத்தியானக் கட்டு. கட்டுக்குப் பதினஞ்சு பேப்பர். மேல ஃபேன் ஓடுது, காத்து கீழ வரல. கேள்வி என்னன்னா, "குட்டன்பர்க் அச்சு இயந்திரத்தைக் கண்டுபிடித்ததற்கான நோக்கங்களை எழுதுக", அஞ்சு மார்க்கு. கீயில அஞ்சு பாயிண்டு. ஒண்ணு, சாமானியருக்கும் அறிவைக் கொண்டு சேர்த்தல். ரெண்டு, பைபிளை எல்லாரும் வாசிக்கச் செய்தல். மூணு, கையெழுத்துப் பிரதிகளில் வரும் பிழைகளைத் தவிர்த்தல். நாலு, நூல்களின் விலையைக் குறைத்தல். அஞ்சு, கல்வியைப் பரப்புதல். அஞ்சாவது ஒண்ணாவதேதான், கேக்காதீங்க, அஞ்சு மார்க்குக்கு அஞ்சு வேணும்ல.

அந்தப் பேப்பர்ல இந்த அஞ்சுல ஒண்ணு கூட இல்ல. குறுக்க ஒரு கோடு இழுத்து சுழி போட்டேன். ஆமா, நான்தான் போட்டேன். படிச்சீங்களான்னு கேட்டா என்ன சொல்றது? ஒரு நாளைக்கு முப்பது பேப்பரும்மா. கீயில இருக்குற வார்த்தை கண்ணுல படுதான்னுதான் பாப்போம். பட்டா மார்க்கு, படலேன்னா சுழி. எல்லாம் கூட்டிப் பாத்தா முப்பத்து மூணு.

முப்பத்தஞ்சு எடுத்தாப் பாசு. முப்பத்து மூணு, முப்பத்து நாலு வந்தா அப்படியே விடமாட்டோம். இது எந்த விதியிலயும் இல்ல, எல்லா மேஜையிலயும் உண்டு. மறுபடி முதல்ல இருந்து புரட்டி, எங்கயாவது ஒரு அரை, ஒரு ஒண்ணு தேத்தி முப்பத்தஞ்சுக்குத் தூக்கி விட்டுருவோம். பக்கத்துல ஜெசிந்தா டீச்சர், என் கூட்டாளி, பதினெட்டு வருஷப் பழக்கம். எட்டிப் பாத்துட்டு, "வரைபடத்துல போட்டு விடு வல்லி"ன்னா. இந்திய வரைபடத்துல நர்மதை ஆத்தக் குறிக்கச் சொன்னா, அது கோதாவரி போற பக்கமா ஓடுது. "கொஞ்சம் கீழ எறங்கிருச்சு, வெள்ளம்னு நெனச்சுக்க"ன்னு சிரிச்சா. ஜெசிந்தா அப்படித்தான், கை தாராளம்.

நானும் அந்த ரெண்டு மார்க்கத் தேடித்தான் புரட்டுனேன். அப்பத்தான் அந்த அஞ்சு மார்க் பதில முழுசாப் படிச்சேன். எனக்கு இப்ப அது மனப்பாடம். சொல்றேன், கேளுங்க.

"குட்டன்பர்க் எதற்காகக் கண்டுபிடித்தார் என்று அவர் எங்கும் எழுதி வைக்கவில்லை. அதற்கு முன்னால் அவர் திருத்தலத்துக்கு யாத்திரை போகிறவர்களிடம் விற்பதற்காக முகம் பார்க்கும் சிறிய உலோகக் கண்ணாடிகள் செய்தார். கொள்ளைநோய் வந்ததால் யாத்திரை ஒரு வருடம் தள்ளிப்போனது. போட்ட கணக்கு தப்பியது. கையில் உலோகமும் வேலையாளும் இருப்பவர் சும்மா இருக்க முடியாது. எங்கள் ஊரில் காலண்டர் சீசன் முடிந்தால் மிஷினை நிறுத்த மாட்டார்கள், நோட்டு அட்டை ஓட்டுவார்கள். அவர் அப்படித்தான் அடுத்த வேலையைத் தேடியிருக்க வேண்டும். பைபிள் மட்டும் அல்ல, பாவமன்னிப்புச் சீட்டும் அச்சடித்தார். அறிவு பரவியது பிறகு நடந்தது. பிறகு நடந்ததை அவர் முதலிலேயே நினைத்தார் என்று எழுதக் கூடாது."

இதுதான் பதில். கடைசி வரிய மறுபடி சொல்லவா? பிறகு நடந்ததை அவர் முதலிலேயே நினைத்தார் என்று எழுதக் கூடாது.

எனக்குச் செவிட்டுல அறைஞ்ச மாதிரி இருந்துச்சும்மா. நான் எம்.ஏ. வரலாறு. இருபத்தாறு வருஷம். எத்தனை ஆயிரம் பிள்ளைங்க வாயில இந்த அஞ்சு பாயிண்டத் திணிச்சிருக்கேன். ஒருநாள் ஒரு பொழுது, இது நமக்கு எப்படித் தெரியும், அந்த ஆளு வந்து சொன்னாரான்னு நான் கேட்டதில்ல. எங்கயோ அச்சாபீஸ்ல வேலை பாக்குற யாரோ, கழிச்சுப் போட்ட தாள்ல படிச்சதோ என்னமோ, அது கேட்டிருக்கு. அவமானமாவும் இருந்துச்சு, சந்தோசமாவும் இருந்துச்சு. சுழிய அடிச்சேன். பக்கத்துல அஞ்சு போட்டேன். அஞ்சுக்கு அஞ்சு. மொத்தம் முப்பத்தெட்டு.

ஜெசிந்தா, "ரெண்டு போதும்டி, அஞ்சு கண்ண உறுத்தும்"னா. எதுக்குப் போதும்? பிச்சையா போடுறோம்? ஆறு கீழ எறங்கி ஓடுறதுக்கு ரெண்டு போடுவாளாம், உண்மைய எழுதுனதுக்குச் சுழியாம். என்ன நியாயம்னேன்.

சாயங்காலம் நாலு மணி இருக்கும், நாகசுந்தரம் அந்தப் பேப்பரத்தான் உருவிட்டாரு. பதினஞ்சுல அதுதான் அவரு கைக்குப் போகணுமா? எந்திரிச்சு என் பக்கத்துல வந்து நின்னாரு. அங்கயிருந்து கூப்பிட்டிருந்தா நான் போயிருப்பேன், வந்தாரு. குனிஞ்சு மெதுவாத்தான் பேசுனாரு. அதை மறைக்க மாட்டேன்.

"டீச்சர், கீயில இல்லாததுக்கு அஞ்சு போட்டிருக்கீங்க. இத எடுத்துருங்க. வரைபடத்துல ரெண்டு போட்டு முப்பத்தஞ்சு ஆக்குங்க, நான் பச்சையில டிக் அடிச்சுர்றேன்."

"இந்தப் பதில் தப்பா சார்?"

"இந்தக் கண்ணாடி விஷயமெல்லாம் உண்மையா டீச்சர்?"

"உண்மைதான்"னேன். எனக்கு அப்பத் தெரியாது. சும்மாதான் சொன்னேன். அன்னைக்கு ராத்திரி எங்க சித்தப்பா மகன், காலேஜ்ல வரலாறு எடுக்குறவன், அவன்கிட்டக் கேட்டு உறுதிப்படுத்திக்கிட்டேன். உண்மைதானாம். நல்லவேளை.

நாகசுந்தரம் அதோட விடல. "கடைசிப் பக்கத்தப் பாத்தீங்களா"ன்னாரு. கடைசிப் பக்கத்துல என்னம்மா இருக்கும். கட்டுக்கு ரெண்டு பேராவது எழுதிருப்பாங்க, சார் என்னப் பாஸ் போடுங்க, அம்மாவுக்கு உடம்பு சரியில்ல, கல்யாணம் நிச்சயமாயிருச்சுன்னு. சிலது சாமி படமே வரைஞ்சு வச்சிருக்கும். அதையெல்லாம் பாக்கக் கூடாது, அடிச்சு விட்டுறணும். நான் பாக்குறதே இல்ல. அவரு பாத்திருக்காரு. எனக்கு மட்டும் கேக்குற மாதிரி வாசிச்சாரு. "ஐயாவோ அம்மாவோ யாராக இருந்தாலும் வணக்கம். எனக்கு இந்த ஒரு பாடம்தான் பாக்கி. இது நாலாவது தடவை. பத்து பாஸ் என்றால் எங்கள் தெரு அங்கன்வாடி வேலைக்கு எழுதிப் போடலாம். இந்த ஆவணியோடு எனக்கு வயது வரம்பு முடிகிறது. எனக்குப் பொட்டப் பிள்ளைகள் ரெண்டு." இப்படி. அதுல இருந்துதான் எழுதுனது பொம்பளைன்னே தெரிஞ்சுச்சு.

"வேலைக்கு ஆள் எடுக்கப் போறாங்க டீச்சர், ரெண்டு மார்க்குல கெடுத்துற வேண்டாம்"னாரு.

உங்ககிட்ட என்ன ஒளிக்க. அப்ப அந்த வாசிச்சதெல்லாம் என் காதுல ஏறவே இல்ல. 'எடுத்துருங்க'ன்னாருல்ல, அந்த ஒத்த வார்த்தைதான் உள்ள நின்னு குடைஞ்சுச்சு. யாரு யாரப் பாத்து எடுத்துருங்கங்கிறது? நான் சொன்னேன், "சார், இது இரக்கப்பட்டுப் போடுற மார்க் இல்ல. அந்தப் பொண்ணு சம்பாதிச்ச மார்க்கு. அஞ்சுல ஒண்ணு குறைக்க மாட்டேன்."

அதுக்கு அவரு சொன்னாரு பாருங்க. சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. "டீச்சர், இந்தக் கீயே நீங்க எழுதுனதுதான."

எட்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு பயிற்சி வகுப்புல மாதிரி விடைக்குறிப்பு தயார் பண்ணச் சொன்னாங்க. எனக்கு வந்தது அந்தப் பாடம். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி முடிக்கணும்னாங்க, எழுதிக் குடுத்தேன். அதை அப்படியே வச்சுக்கிட்டு வருஷா வருஷம் ஓட்டிட்டு இருக்காங்க. அது என் தப்பா? மேஜையில ரெண்டு பேரு சிரிச்சுட்டாங்க. புதுசா வந்த சின்னப் பொண்ணு ஒண்ணு, அது வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்குது.

அப்புறம் என் குரல் ஏறிருச்சு. ஏறத்தான் செய்யும். பக்கத்து மேஜையெல்லாம் பேனாவ வச்சுட்டுத் திரும்பிப் பாத்துச்சு. "நான் எழுதுனதுன்னா அத மாத்துற உரிமையும் எனக்குத்தான் இருக்கு. ஒரு புஸ்தகத்தத் தொட்டுப் பல வருஷம் ஆனவங்களெல்லாம் பச்சைப் பேனாவப் பிடிச்சுக்கிட்டு வரலாறு பேசாதீங்க"ன்னேன். அவரு முகம் செத்துப் போச்சு. "டீச்சர், மெதுவா, மெதுவா"ங்கிறாரு. நான் ஏன் மெதுவாப் பேசணும்? "இது முகாம் அலுவலர்கிட்டப் போகட்டும், எழுத்துல போகட்டும்"னேன். அப்பவும் அவரு சொன்னாரு, "மேல போனா உங்க அஞ்சும் போயிரும், அந்த ரெண்டும் போயிரும் டீச்சர், பிறகு யாரும் தொட முடியாது." நான் "போகட்டும்"னேன். மார்க்கச் சொல்லலம்மா. பேப்பர் மேல போகட்டும்னுதான் சொன்னேன்.

போச்சு. முகாம் அலுவலர் பதிலப் படிச்சே பாக்கல. கீயப் பாத்தாரு, கடிகாரத்தப் பாத்தாரு. "கீயில இல்லாதது எதுக்கும் மார்க் கிடையாது, வேற மேஜையில குடுத்துக் கண்டிப்பாத் திருத்துங்க"ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டாரு. வேற மேஜைக்காரங்களுக்கு என்ன, பிரச்சினையாகி வந்த பேப்பர்னா பயந்துகிட்டுத்தான் திருத்துவாங்க. அந்த அஞ்சு போச்சு. வரைபடத்துக்கு ஒண்ணுமில்ல. காலக்கோட்டுல நான் போட்ட ஒண்ணையும் வருஷம் தப்புன்னு எடுத்துட்டாங்க. முப்பத்திரண்டு. அதுக்கு மேல சீல் வச்சாச்சு.

எனக்கும் ஒரு சீட்டுக் குடுத்தாங்க, இந்த முகாமுக்கு இனிமே வரவேண்டாம்னு. நான் பேனாவ மேஜையில வச்சுட்டு எந்திரிச்சு வந்துட்டேன். ஜெசிந்தா வாசல் வரைக்கும் வந்தா. ஏதோ ஆறுதல் சொல்லப் போறான்னு நின்னேன். "ரெண்டு மார்க்குடி வல்லி"ன்னா. அவ்வளவுதான். திரும்பி உள்ள போயிட்டா. அதுக்கப்புறம் போன் பண்ணல. நானும் பண்ணல.

இப்ப நீங்க சொல்லுங்க. யாரு தப்பு?

என்ன? இல்லம்மா, அந்த முப்பத்தஞ்சு வேற விஷயம். போட்டிருந்தா அவ பாஸாகிருப்பா, ஆமா, ஒத்துக்குறேன், ஆனா எதுக்குப் பாஸாகிருப்பா? தப்பா வரைஞ்ச ஒரு ஆத்துக்கு. நீங்களும் ஜெசிந்தா மாதிரியே பேசுறீங்களே. எல்லாரும் ரெண்டு ரெண்டுன்னே பேசுறீங்க. அந்தக் கடைசி வரிய எழுதுன கைக்கு ஒரு மரியாதை வேண்டாமா? அதுக்கு நான் ஒருத்தியாவது நிக்க வேண்டாமா?

நாகசுந்தரம் மேல கோவமா? எனக்கென்ன கோவம். அவரு யாரு எனக்கு. யாரு சீஃபா வந்திருந்தாலும் நான் இதேதான் செஞ்சிருப்பேன். ஜெசிந்தா சீஃபா இருந்து சொல்லிருந்தா? ... அவ சொல்லிருந்தா வேற. அவ சொல்ற விதம் வேற. இதையெல்லாம் கலக்காதீங்கம்மா, குழம்பிரும்.

திருப்புவனம் தாண்டிருச்சா. பரவால்ல, வேகமாத்தான் வந்திருக்கான்.

போன வியாழக்கிழமை ரிசல்ட்டு வந்துச்சுல்ல. காலையில இருந்து எனக்கு ஒரு வேலை ஓடல. எங்க ஸ்கூல்ல தொண்ணூத்தாறு சதவீதம், எல்லாரும் மிட்டாய் குடுக்குறாங்க, நான் அத வாயில போட்டுட்டு நிக்கிறேன், இனிப்பே தெரியல. எங்கயோ ஒருத்தி, காலண்டர்னா சிவகாசிப் பக்கமாத்தான் இருக்கணும், யாரு போன்லயோ நம்பரத் தட்டச் சொல்லிப் பாத்திருப்பா. முப்பத்திரண்டு. நாலாவது தடவை. அஞ்சு மார்க்குப் பதிலு ஒண்ணு நல்லா எழுதுனோமேன்னு நெனச்சிருப்பா. அது எங்க போச்சுன்னு அவளுக்குத் தெரியாது. அதுக்கு ஒருத்தி அஞ்சுக்கு அஞ்சு போட்டான்னும் தெரியாது. மறுதேர்வு எழுதலாம், எழுதலாம்தான். அது ரிசல்ட்டு வர ஆவணி தாண்டிரும்.

அதான் இன்னைக்கு மதுரைக்குப் போறேன். சும்மா விடுவேன்னு நெனச்சாங்களா? இந்த முகாமுக்கெல்லாம் மேல ஒரு பெரிய அதிகாரி இருக்காரு, இன்னைக்கு மனு வாங்குற நாளு. ரிசல்ட்டு வந்து நாலு நாள் வரைக்கும் மார்க் பத்தின மனுவ எடுத்துக்குவாங்களாம், அவரு நெனச்சா ஒத்தக் கையெழுத்துல மாத்தலாம்னு சொன்னாங்க. பதினாலு பக்கம் எழுதிருக்கேன். மூணு நாள் உக்காந்து எழுதுனேன், வீட்டுக்காரர் கடையில வாங்கித்தான் சாப்பிட்டாரு. பாக்குறீங்களா? பாருங்க, படிச்சவங்க ஒருத்தர் பாத்தா நல்லதுதான். கசக்கிறாதீங்க.

முதல் பக்கத்துல விடைக்குறிப்பு எவ்வளவு பழசுன்னு எழுதிருக்கேன். யாரு எழுதுனதுன்னு போடல, அது தேவையில்ல. மூணாம் பக்கம் பாருங்க, நாகசுந்தரம் பேசுனது எல்லாம் வரி வரியா, தேதி, நேரம், யாரு யாரு சிரிச்சாங்கன்னு. அஞ்சாம் பக்கத்துல இருந்து குட்டன்பர்க். எங்க சித்தப்பா மகன் குடுத்த புஸ்தகத்துல இருந்து பக்க எண்ணோட எடுத்து எழுதிருக்கேன், கண்ணாடி, யாத்திரை, கொள்ளைநோய், எல்லாம். ஒன்பதாம் பக்கத்துல நோக்கம்னா என்ன, விளைவுன்னா என்னன்னு ஒரு விளக்கம். அது எனக்கே திருப்தியா வந்திருக்கு. பன்னண்டாம் பக்கம் என் சர்வீஸ் பத்தி. நூத்துக்கு நூறு எத்தனை பேரு எடுத்தாங்க, எத்தனை வருஷம் நூறு சதவீதம். கடைசிப் பக்கம் கோரிக்கை. விடைக்குறிப்பத் திருத்தணும், என்னய முகாமுல மறுபடி சேக்கணும், நாகசுந்தரம் எழுத்துல வருத்தம் தெரிவிக்கணும். மூணே மூணுதான் கேட்டிருக்கேன்.

அதுவா? அது உள்ள இருக்கும்மா. அந்தப் பொண்ணோட மார்க்கப் போடணும்னு... ஆறாம் பக்கமா இருக்கும். இங்க குடுங்க. இது குட்டன்பர்க்கு. இதுவும் குட்டன்பர்க்கு. இது நாகசுந்தரம். எட்டுல இருக்குமோ? எழுதிருப்பேன். அவளுக்காகத்தான இவ்வளவும் எழுதுனது, அவ இல்லாமயா இருப்பா? கோரிக்கையில... ஒண்ணு, ரெண்டு, மூணு. இல்லையே.

பதினாலு பக்கம்மா. மூணு நாள்.

இல்ல, எனக்கு ஒண்ணுமில்ல. கண்ணுல தூசி. ஜன்னலச் சாத்த வேண்டாம், விடுங்க.

உங்ககிட்டப் பேனா இருக்கா? என் பேனாவ வச்சுட்டு வந்துட்டேன். எந்தக் கலரா இருந்தாலும் பரவால்ல. இங்க, கையெழுத்துக்கு மேல கொஞ்சம் எடம் இருக்கு. பேப்பர் நம்பரு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, அதை முதல்ல போட்டுர்றேன். பஸ்சு ஆடுது, மனுவக் கொஞ்சம் பிடிச்சுக்கங்க. பிறகு என்னன்னு எழுதட்டும்? அஞ்சு மார்க்குன்னா மறுபடி கீயத் தூக்கிருவாங்க, இல்ல? முப்பத்திரண்டும் மூணும் முப்பத்தஞ்சு. மூணுன்னு போடுறேன். வரைபடத்துலயோ, காலக்கோட்டுலயோ, எங்கயோ, அவங்க இஷ்டம். இரக்கப்பட்டு மூணு மார்க் போட்டு விடச் சொல்லி வேண்டிக் கேக்குறேன்னு எழுதுறேன்.